நஞ்சைத் தின்னப் பழகிய நீர்த்தெள்ளு

வண்ண மீன் வளர்ப்பவர்களுக்கு டாஃப்னியாவைத் தெரியும். மீன்கள் விரட்டி விரட்டித் தின்னும் உயிருள்ள தீனி. கடுகளவுதான் இருக்கும். துள்ளித் துள்ளி நீந்துவதால் நீர்த்தெள்ளு என்றும் சொல்லலாம். ஆனால் பூச்சி இனமல்ல, இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. ஒன்றை ஒரு சொட்டு நீரோடு எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், உடல் கண்ணாடி மாதிரி உள்ளே வரை தெரியும். முதுகுப் பக்கம் இதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும். தலையில் ஒற்றைக் கறுப்புக் கண். உடல் நெடுக வளைந்தோடும் பச்சைக் கோடுதான் குடல். அந்தப் பச்சை, சற்று முன் தின்ற பாசியின் நிறம்.

தின்னும் விதம் இன்னும் அழகு. ஐந்து ஜோடிக் கால்கள் ஓயாமல் அசைந்து, இரண்டு ஓடுகளுக்கு நடுவே நீரை இழுக்கின்றன. கால்களில் சீப்புப் பற்கள் போல மெல்லிய இழைகள். அவற்றின் சல்லடைக் கண்கள் ஒரு மைக்ரான் அளவுதான், அதாவது தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. சிக்கும் பாசியெல்லாம் ஒரு வாய்க்காலில் சேர்ந்து, உருண்டையாகி வாய்க்குப் போகிறது. டீ வடிகட்டிக்கு நல்ல தூள், கெட்ட தூள் தெரியாது. நீர்த்தெள்ளின் சிக்கலும் அதுதான்.

நீர்த்தெள்ளோடு ஒரே குளத்தில் வாழும் துடுப்புக்கால் உயிரிகள் வேறு ரகம். ஒவ்வொரு பாசித் துணுக்காகப் பிடித்து, ருசி பார்த்து, பிடிக்காததைத் தள்ளிவிடும். ஒரே இனப் பாசியில் நஞ்சுள்ளதையும் இல்லாததையும் கலந்து கொடுத்தாலும், நஞ்சில்லாததைத் தேர்ந்தெடுக்கின்றன!

அந்த நஞ்சுக்காரர் மைக்ரோசிஸ்டிஸ். வெயில் காலத்தில் ஏரிமேல் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல் படரும் நீலப்பச்சைப் பாசி. உண்மையில் பாக்டீரியா வகை. வழுவழுப்பான கூட்டமாக ஒட்டிக்கொண்டு மிதக்கும். பெரிய கட்டிகள் வந்தால் நீர்த்தெள்ளின் சல்லடை அடைத்துக்கொள்ளும். அப்போது அது வயிற்று நுனியில் உள்ள நகத்தால் வாய்க்காலைச் சுரண்டி எறிகிறது. நல்ல தீனியும் கூடவே போய்விடும். சிறு கட்டிகள் வாய்க்குள் போனாலோ, உள்ளே வேறு சண்டை. மைக்ரோசிஸ்டிஸ் தரும் சில பொருள்கள் புரதத்தைச் செரிக்கும் நொதிகளையே முடக்கிவிடும். நீர்த்தெள்ளு சும்மா இருப்பதில்லை: அந்தப் பொருள்களுக்கு எளிதில் சிக்காத வேறு வடிவ நொதிகளைக் குடலில் சுரக்கத் தொடங்குகிறது. நஞ்சைச் சந்தித்த தாயின் குஞ்சுகள், சந்திக்காத தாயின் குஞ்சுகளைவிடக் கூடுதலாகத் தாங்குகின்றன. குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கும் பங்குண்டு. நஞ்சைத் தாங்கும் நீர்த்தெள்ளுகளின் குடல் நுண்ணுயிர்களை, நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த குஞ்சுகளுக்கு மாற்றிக் கொடுத்த சோதனையில் இது தெரிந்தது.

இவையெல்லாம் ஓர் ஆயுளுக்குள், அல்லது ஒரு தலைமுறைக்குள் நடப்பவை. எனக்கு வியப்பே அடங்காத கதை ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா எல்லையில் உள்ள கான்ஸ்டன்ஸ் ஏரியில் நடந்தது. 1960-களிலும் 70-களிலும் கழிவுநீரோடு பாஸ்பரஸ் அங்கே வந்து சேர்ந்தது. 1980 வாக்கில் அளவு லிட்டருக்குச் சுமார் 87 மைக்ரோகிராம். ஆயிரம் லிட்டர் மொட்டைமாடித் தொட்டியில் ஒரு சிட்டிகைக்கும் குறைவான உப்பைப் போட்டது போன்ற அளவு அது. ஏரிக்கு அதுவே அதிகம். நீலப்பச்சைப் பாசி பெருகியது.

நீர்த்தெள்ளு என்ன செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பழைய தெள்ளுகள் இறந்து பல காலம் ஆயிற்று. ஆனால் அவை உறங்கு முட்டைகளை விட்டுச் சென்றிருந்தன. கெட்ட காலம் வருமுன், தாயின் முதுகில் குதிரைச் சேணம் போன்ற கறுப்பு உறை உருவாகும்; பெரும்பாலும் இரண்டு முட்டை அதற்குள். தாய் தோல் உரிக்கும்போது அது கழன்று அடியில் விழுந்து, சேற்றில் புதையும். சேறு ஆண்டுக்கு ஆண்டு அடுக்கடுக்காகப் படிவதால், எந்த அடுக்கு எந்த ஆண்டு என்று கணக்கிடலாம்.

சூழலியல் ஆய்வாளர் நெல்சன் ஹேர்ஸ்டன் தலைமையிலான குழு சேற்றை எடுத்து, அந்த முட்டைகளைப் பொரிக்க வைத்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் உறங்கியவையும் குஞ்சாகி நீந்தின. ஒரு பங்குக்கு நல்ல பச்சைப் பாசி மட்டும். இன்னொன்றுக்கு மைக்ரோசிஸ்டிஸ் கலந்த தீனி. வளர்ச்சியை ஒப்பிட்டார்கள். 1999-இல் வெளியான முடிவு: 1962 முதல் 1971 வரையிலான முட்டைகளில் நஞ்சைத் தாங்குபவையும் இருந்தன, தாங்காமல் வளர்ச்சி குன்றியவையும் இருந்தன. 1970-களின் இறுதிக்கு வந்தால், தாங்குபவை மட்டுமே. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஓர் இனத்தின் சாப்பாட்டுத் திறனையே இயற்கைத் தேர்வு மாற்றிவிட்டிருந்தது. பரிணாமம் என்றாலே லட்சக்கணக்கான ஆண்டுகள் என்று நினைக்கப் பழகிய நமக்கு, இது ஒரு குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம்!

பிறகு மூன்று நாடுகளும் கழிவுநீரைச் சுத்திகரித்தன, பாஸ்பரஸ் 10 மைக்ரோகிராமுக்கும் கீழே இறங்கியது, பாசியும் குறைந்தது. 2021-இல் வெளியான ஆய்வு சேற்றின் மேலடுக்கு முட்டைகளைப் பொரித்துப் பார்த்தது. ஏரி தெளிந்த பின் இடப்பட்ட அந்த முட்டைகளிலிருந்து வந்த நீர்த்தெள்ளுகளிடம், நஞ்சைத் தாங்கும் திறன் குறைந்துபோயிருந்தது.