ஓஸ் பைப் பொருந்தலையா? கேரவன் தொட்டியை நிரப்ப கேனும் புனலும் போதும்!

கேரவன் என்றாலே நம் ஊரில் ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும் நடிகர்களின் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. படுக்கை, சிங்க், குட்டிக் கழிவறை என்று வேனையே வீடாக மாற்றிக்கொண்டு கிளம்பும் குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. ஓட்டலில் அறை தேட வேண்டாம், பாட்டிக்கு நினைத்தபோது படுக்கலாம், குழந்தைக்குப் பால் காய்ச்சலாம். எல்லாம் சரிதான். தொட்டியில் தண்ணீர் தீர்ந்தால் என்ன செய்வது?

இப்படி யோசித்துப் பாருங்கள். திருத்தணியில் முருகனைத் தரிசித்துவிட்டு, காரைக்கால் அம்மையார் ஈசனின் திருவடிக்கீழ் இருக்கும் ரத்தின சபையைப் பார்க்கத் திருவாலங்காட்டுக்கு வண்டி வருகிறது. காலையிலிருந்து ஆறு பேர் கைகால் கழுவி, பாத்திரம் துலக்கியதில் தொட்டி காலி. கண்ணெதிரே தெருக் குழாய் இருக்கிறது. ஆனால் அதன் வாயில் மரை இல்லை, வண்டியோடு வந்த ஓஸ் பைப் மாட்டவில்லை. அடி பம்பாக இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவதுபோல ‘குழாயில் மாட்டி, திறந்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவது’ நம் ஊர்த் தெருக்களில் நடக்கிற காரியம் இல்லை.

சிலர் பழைய சைக்கிள் டியூப்பை ஒரு துண்டு வெட்டி, குழாய் வாயில் கட்டி ஒப்பேற்றுவார்கள். தோட்டத்துக்கு அது போதும். குழந்தை வாய் கொப்பளிக்கும் தண்ணீருக்கு வேண்டாம். ரப்பர் வாடை தொட்டியில் ஏறினால் லேசில் போகாது.

முதலில் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டி என்றால் 100 கிலோ. 20 லிட்டர் கேனில் ஐந்து நடை. பெரும்பாலான வண்டிகளில் தண்ணீர் ஊற்றும் வாய் இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலோ இருக்கும். ஐந்து முறை 20 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பிடித்தால், அன்றைக்குச் சாமி கும்பிடக்கூட முதுகு குனியாது. பத்து லிட்டர் கேன்களே நல்லது. நடை இரட்டிப்பாகும், ஆனால் அம்மாவும் தூக்கலாம், பிளஸ் டூ படிக்கிற பையனும் தூக்கலாம். ‘ஒரே தூக்கா தூக்கிடறேன்’ என்கிற அப்பாக்களைத்தான் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும்!

தொட்டி முழுக்க நிரப்பியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சாயங்காலம் வீடு திரும்பப் போகிறீர்கள் என்றால் நாலு கேன் போதுமே. மீதி எடையை எதற்கு டீசல் செலவழித்துச் சுமப்பது?

ஊற்றுவதிலும் சூட்சுமம்

நீளக் கழுத்துள்ள பிளாஸ்டிக் புனல் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். மண்ணெண்ணெய், டீசலுக்குப் பயன்படுத்திய புனல் கூடவே கூடாது. புனல் வாயை இறுக்கமாகச் செருகினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியின்றி, தண்ணீர் ‘குபுக்’கென்று எதிர்த்து வந்து சட்டையை நனைக்கும். புனலுக்கும் தொட்டி வாய்க்கும் நடுவில் ஒரு ஸ்பூன் காம்பைச் செருகிச் சின்ன இடைவெளி விட்டால் போதும், தண்ணீர் சமர்த்தாக இறங்கும். மேலே வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துப் போட்டால் மணலும் தூசியும் தங்கிவிடும், கிருமி தங்காது.

தூக்கவே முடியாது என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. குடிநீர் கேன் வாயில் மாட்டுகிற, சார்ஜ் போடும் சின்ன பம்ப் இப்போது பாத்திரக் கடையிலேயே கிடைக்கிறது. கேனைத் தரையில் வைத்து, பம்பின் வாயில் ஒரு முழ டியூப் மாட்டித் தொட்டிக்குள் விட்டால், கேன் காலியாகச் சுமார் கால் மணி நேரம் ஆகும். மெதுவான வேலைதான். அதற்குள் கோயில் குளத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம். பேட்டரி 12 வோல்ட்டில் ஓடும் குட்டி மோட்டார் இன்னும் வேகம்.

கேனை உயரமான திட்டில் வைத்து டியூப் வழியாக இறக்குவதும் சுலபம். ஆனால் வாயால் உறிஞ்ச வேண்டாம். டியூப் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் விரலால் அடைத்து, ஒன்றைக் கேனுக்குள் விட்டு மற்றதைத் தாழ்த்தித் திறந்தால் தானாக ஓடும்.

யார் தண்ணீர்?

திருவாலங்காடு ரயில் நிலையம் சென்னை - அரக்கோணம் பாதையில் இருக்கிறது. 2019 கோடையில் சென்னை தவித்தபோது, ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு வில்லிவாக்கத்துக்குப் போன முதல் ரயில் இந்தத் தண்டவாளத்தில்தான் ஓடியது. கொசஸ்தலை ஆறும் பூண்டி ஏரியும் இருக்கிற மாவட்டத்தைத் தாண்டி, வேறு மாவட்டத்துத் தண்ணீர் போனது. அந்த ரயில் தண்ணீரும் கடைசியில் லாரி ஏறி, பிளாஸ்டிக் குடம் ஏறித்தான் பல வீடுகளுக்குள் போயிற்று.

அதனால் தெருக் குழாயில் பத்துக் கேன்களை வரிசை கட்டுமுன் யோசிக்க வேண்டும். ஊராட்சிக் குழாயில் தண்ணீர் வருவதே குறிப்பிட்ட நேரம்தான். குடத்தோடு நிற்பவர்களுக்கு அன்றைய சமையல் அதில் இருக்கிறது. “அக்கா, நீங்க பிடிச்சு முடிச்சதும் நாங்க ரெண்டு கேன் பிடிச்சுக்கலாமா?” என்று கேட்டால் இல்லை என்பவர் அபூர்வம். நிறையத் தேவை என்றால் கேன் தண்ணீர்க் கடையில் காசு கொடுத்து வாங்குவதே மரியாதை. கோயில் குளத்தில் மொள்ள வேண்டாம். வண்டியின் அழுக்குத் தண்ணீரை அதன் பக்கம் திறந்துவிடவும் வேண்டாம்.

குடிக்கத் தனிக் கேன் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டித் தண்ணீர் கழுவுவதற்கு மட்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லி, சிங்க் மேலே ஒரு சீட்டும் ஒட்டிவிடலாம். வழியில் பிடித்ததைக் குடித்தே ஆக வேண்டும் என்றால் கொதிக்க வைத்து ஆற்றுங்கள். அல்லது மருந்துக் கடையில் கிடைக்கும் குளோரின் மாத்திரையை, அட்டையில் போட்டிருக்கும் அளவுப்படி போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். கலங்கல் தண்ணீரில் மாத்திரை சரியாக வேலை செய்யாது, தெளிய வைத்து வடிகட்டிய பிறகே போட வேண்டும்.

வீடு வந்ததும் மீதித் தண்ணீரை அடிக்குழாய் வழியாகச் செடிகளுக்குத் திறந்துவிட்டு, மூடியைக் கழற்றி, வாயில் துணி கட்டி ஒரு நாள் காயவிடுங்கள். மூடியே வைத்தால் அடுத்த கிருத்திகைக்குள் உள்ளே பாசி பிடித்திருக்கும்.