கஞ்சிதானே என்று எண்ணாதீர்!



ஆடி பிறந்துவிட்டால் நம் நாஞ்சில் நாட்டு மலைகளின்மேல் மேகம் கவிந்துகொள்ளும்; சாரல் விட்டுவிட்டுத் தூவும். ஐப்பசி, கார்த்திகையிலோ அடைமழை. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறும் பேறு நம் மாவட்டத்துக்கு உண்டு. பள்ளி விட்டு நனைந்து நடுங்கி வீடு திரும்பும் மாலையில் நம் உடல் எதைத் தேடுகிறது? சூடாக, வயிறு நிறைய, ஏதேனும் ஒன்றை. குளிர்நாட்டார் அவரை வகைகளை வேகவைத்துச் சூப் செய்து குடிக்கின்றனர். நம் அடுக்களையில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது சிறுபயற்றுக் கஞ்சி. வெளியூர்களில் பாசிப்பயறு என்கிறார்களே, அதே பயறுதான்.

"கஞ்சியா?" என்று முகம் சுளிப்பவர்கள் உங்களில் இருக்கலாம். நானும் அப்படிச் சுளித்தவள்தான். ஏழாம் வகுப்பில் படித்தபோது, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று தோழியர் கேட்டால், "தோசை" என்று வாய் கூசாமல் சொல்வேன். ஒருநாள் பல்லிடுக்கில் ஒட்டியிருந்த பச்சைத் தோல் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அன்று மாலை அழுதுகொண்டே வீட்டுக்குப் போய், இனி எனக்குக் கஞ்சி வேண்டாம் என்றேன்.

பாட்டி கோபிக்கவில்லை. "பர்மா அரிசி நின்னுபோன காலத்துல இந்தப் பயறும் மரச்சீனிக் கிழங்கும்தான் மக்களே, எங்க உயிரைப் பிடிச்சு வச்சுது" என்று மட்டும் சொன்னார்.

அதன் பொருள் பின்னர்தான் எனக்கு விளங்கிற்று. நம் பகுதி 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணைவதற்குமுன் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அச்சமஸ்தானம் பர்மாவிலிருந்து வரும் அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942இல், பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அரிசி வரத்து நின்றது. இருந்த பிடி அரிசியை நீரில் பெருக்கி, பயற்றைச் சேர்த்துக் குடும்பங்கள் உயிர் பிழைத்தன. நான் வெட்கப்பட்ட உணவு, என் முன்னோரைக் காத்த உணவு.

பஞ்சகாலத்து உணவுதானே, இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். அறிவியல் விடை தருகிறது. 100 கிராம் சிறுபயற்றில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. அரிசியிலோ 7 கிராம் அளவில்தான். மேலும், அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயற்றில் அது மிகுதி. பயற்றில் குறைவாயுள்ள மெத்தியோனின் அரிசியில் போதிய அளவு உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால், இரண்டும் சேர்ந்த கஞ்சி நிறைவான புரத உணவாகிறது. இத்தகைய சிறப்புகளைக் கருதியே ஐக்கிய நாடுகள் சபை 2016ஆம் ஆண்டைப் பயறு ஆண்டாக அறிவித்தது. 2019 முதல் பிப்ரவரி 10 உலகப் பயறு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இனிச் செய்முறையைக் காண்போம்.

தேவையான பொருள்கள் (ஐந்து பேருக்கு)

புழுங்கலரிசி 300 கிராம், சிறுபயறு 150 கிராம், தண்ணீர் 3 லிட்டர், வெந்தயம் 1 தேக்கரண்டி, பூண்டு 10 பல், தேங்காய் அரை மூடி, சீரகம் 1 தேக்கரண்டி, சின்ன உள்ளி 6, முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, உப்பு தேவையான அளவு.

செய்முறை

முதல்நாள் இரவே பயற்றைக் கல் நீக்கிக் கழுவி ஊறவையுங்கள். ஊறிய பயறு விரைவில் வேகும். வயிற்றில் வாயுத் தொல்லையும் குறையும். மறுநாள் பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கழுவிய அரிசியையும் வெந்தயத்தையும் இடுங்கள். அரிசி பாதி வெந்தபின் பயற்றையும் பூண்டையும் சேருங்கள். புழுங்கலரிசி வேக நேரமாகும் என்பதால் இந்த முறை. பச்சரிசி என்றால் பயற்றை முதலில் இடவேண்டும். பொங்கி வரும் நுரையை அகப்பையால் எடுத்துவிடுங்கள்.

பயறு விரலால் நசுக்கினால் மசியும் பதத்துக்கு வந்ததும் உப்பும் முருங்கைக்கீரையும் சேருங்கள். தேங்காய், சீரகம், உள்ளி மூன்றையும் அம்மியில் கொரகொரப்பாக அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். தேங்காய் சேர்ந்தபின் நெடுநேரம் கொதித்தால் சுவை கெடும். ஆறினால் கஞ்சி இறுகும். அப்போது வெந்நீர் விட்டுக் கலக்குங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

குக்கரில் வைப்போர் பாதிப் பாத்திரத்துக்கு மேல் நிரப்பலாகாது. பயற்றின் நுரையும் தோலும் ஆவி போகும் துளையை அடைத்துவிடக்கூடும். சிறுமியர் பெரியவர் துணையின்றி அடுப்பருகில் செல்லவேண்டாம்.

தொட்டுக்கொள்ள நெல்லிக்காய்த் துவையல் மிக நன்று. பயற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்க நெல்லிக்காயின் வைட்டமின் சி உதவுகிறது. நெல்லிக்காய் கிடைக்காவிட்டால் கிண்ணத்தில் அரை எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். ஆனால் புளிப்பைப் பானையில் முன்கூட்டியே சேர்த்துவிடாதீர்கள். பயறு வேகாமல் விறைத்துக்கொள்ளும். கஞ்சி குடித்த கையோடு தேநீர் குடிக்கும் வழக்கத்தையும் விடுங்கள். தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். அது சமைப்பதைப் பற்றியது அன்று, பரிமாறுவதைப் பற்றியது.

பயறு கனமானது, பானையின் அடியில் தங்கும். என் பாட்டி அகப்பையை அடிவரை விட்டு, அப்பாவுக்கும் எங்களுக்கும் கெட்டியாக அள்ளி ஊற்றுவார். எல்லோரும் எழுந்தபின் அவரும் அம்மாவும் உட்காருவார்கள். அப்போது பானையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அதைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நான் மனையியல் கற்று ஆசிரியையான பிறகுதான், அம்மாவுக்கு அடிக்கடி வந்த மயக்கமும் மூச்சிரைப்பும் நினைவுக்கு வந்து நெஞ்சை உறுத்தின.

இது பழங்கதை என்று எண்ணற்க. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100க்கு 59 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். அஃதாவது, இம்மலரைப் படிக்கும் உங்கள் வயதினர்.

கஞ்சியைப் பொதுவில் காய்ச்சிப் பகிரும் வழக்கம் நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. ஒருசந்தி நாளாகிய பெரிய வெள்ளியன்று பல பங்குகளில் கஞ்சியும் பயறும் வழங்குவார்கள். ரமலான் மாதத்தில் தேங்காய்ப்பட்டணம், தக்கலை முதலிய ஊர்களில் இஸ்லாமிய அன்பர்கள் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்கள். ஆடிச் செவ்வாயில் தாழக்குடி அருகே ஒளவையாரம்மன் கோயிலில் பெண்கள் கூடிக் கூழும் கொழுக்கட்டையும் செய்வார்கள். இங்கெல்லாம் செல்வருக்கும் ஏழைக்கும் ஒரே பானை, ஒரே அகப்பை. முன்பு பலா இலையைக் கோட்டி, ஈர்க்குக் குத்தி, அதையே கரண்டியாக்கிக் குடித்தார்கள். அதிலும் பெரியவர் இலை, சிறியவர் இலை என்ற வேறுபாடில்லை. பொது இடத்தில் காட்டும் அந்தச் சமநிலை நம் அடுக்களையிலும் இருக்கவேண்டாமா?

ஆகவே, தங்கையரே, மழை பெய்யும் ஒரு சனிக்கிழமை மாலையில் நீங்களே இக்கஞ்சியைக் காய்ச்சிப் பாருங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஊற்றுமுன் அடிவரை ஒருமுறை கலக்குங்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஊற்றி, எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். குடிக்கத் தொடங்குமுன் அம்மாவின் கிண்ணத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அதில் பயறு தெரிந்தால், நீங்கள் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று பொருள்.

திங்கட்கிழமை உங்கள் தோழி, "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால், உண்மையைச் சொல்லுங்கள்.