அந்துருண்டையும் ஓர் எழுத்துப் பிழையும்

சிங்கப்பூரில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் ஒரு சோதனை செய்யப்படுகிறது. நாடு சுதந்திரம் பெற்ற 1965ஆம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் இது. அதில் தேடப்படுவது நோய்க்கிருமி அல்ல. ‘ஜி6பிடி’ என்னும் நொதி போதிய அளவு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். குறைவு என்று தெரிந்தால், பெற்றோருக்குச் சொல்லப்படும் முதல் எச்சரிக்கைகளில் ஒன்று: வீட்டில் அந்துருண்டை இருக்கக் கூடாது.

அலமாரியில் கிடக்கும் அந்த வெள்ளை உருண்டைக்கும் பச்சைக் குழந்தையின் இரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? மரபணுப் பிறழ்வு எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்கினால் இது விளங்கும்.

உடலின் மரபுச் செய்தி நான்கே வகை ‘எழுத்து’களால் ஆனது. தாயிடமிருந்து சுமார் 300 கோடி எழுத்துகள், தந்தையிடமிருந்தும் ஏறக்குறைய அதே அளவு. உயிரணு இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் இத்தனையையும் படியெடுத்தாக வேண்டும். ஓலைச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிய காலத்தில் ரகரம் றகரமாக மாறிப்போனது உண்டல்லவா? உயிரணு அந்த ஏடெழுதுவோரைவிடக் கவனமானது. எழுதியதைத் தானே சரிபார்த்துத் திருத்தவும் செய்கிறது. அப்படியும் சில பிழைகள் தப்பிவிடுகின்றன. வெயிலின் புறஊதாக் கதிர், புகையிலைப் புகை, கதிரியக்கம் ஆகியவை பிழைகளை அதிகரிக்கின்றன.

தோலிலோ நுரையீரலிலோ ஏற்படும் பிழை அந்த மனிதரோடு நின்றுவிடும். அது புற்றுநோயாக வளரக்கூடும் என்பது வேறு விஷயம். விந்தணுவிலும் கருமுட்டையிலும் ஏற்படுவதுதான் பிள்ளைக்குப் போகிறது. பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய பிழைகள் ஒவ்வொரு குழந்தையிடமும் ஏறக்குறைய 60, 70 இருக்கும். அவற்றில் பெரும்பங்கு தந்தை வழி வருவது. தந்தையின் வயது ஏற ஏற அதுவும் கூடுகிறது. பிள்ளைக்கு ஒரு குறை என்றால் தாயை மட்டுமே பார்க்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தப் பிழைகளில் மிகப் பெரும்பாலானவை நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை.

சில இடங்களில் மட்டும் ஓரெழுத்து மாறினாலும் விளைவு பெரிது. ஜி6பிடி நொதி 515 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம். அதில் 317ஆவது மணி மாறியிருந்தால் அது ‘கேரள-கல்யாண்’ வகை, இந்தியர்களிடம் காணப்படுவது. 459ஆவது மணி மாறியிருந்தால் சீனர்களிடம் காணப்படும் ‘கான்டன்’ வகை. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. உலகில் சுமார் 40 கோடிப் பேரிடம் இக்குறைபாடு இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. சிங்கப்பூரில் சீன, மலாய் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு மூவர் அளவில் இது உண்டு. இந்தியரிடையே அதைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

சிவப்பணு நாள் முழுவதும் ஆக்சிஜனைச் சுமக்கிறது. இரும்பைத் துரு அரிப்பதுபோல அந்த ஆக்சிஜனே அதை அரிக்கப் பார்க்கும். அரிப்பைத் தடுக்கும் வேலைக்கு ஜி6பிடி இன்றியமையாதது. அது குறைவாக உள்ளவர்களும் சாதாரண நாள்களில் நலமாகவே இருப்பார்கள். அந்துருண்டையிலுள்ள நாஃப்தலின், சில மருந்துகள், ஃபாவா அவரை போன்றவை உள்ளே போனால்தான் சிவப்பணுக்கள் மளமளவென உடைகின்றன. உடைந்த அணுக்களிலிருந்து பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. பச்சைக் குழந்தையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது. கடுமையான மஞ்சள் காமாலையாகி மூளை வரை போனால் உயிருக்கே ஆபத்து. பிழைத்தாலும் காது கேளாமை, கைகால் இயக்கக் குறைபாடு வாழ்நாள் முழுவதும் தொடரலாம்.

பேராசிரியர் வோங் ஹாக் பூன் உள்ளிட்ட சிங்கப்பூர்க் குழந்தை மருத்துவர்கள் ஆராய்ந்தது இதைத்தான். 1966இல் ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட 40,000 பிரசவங்கள் நடந்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற ‘கண்டாங் கெர்பாவ்’ மருத்துவமனை, தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. அங்கு பிறந்த குழந்தைகள் போன வீடுகளில் மரப்பெட்டியும் அந்துருண்டையும் சகஜம். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பாட்டியின் பழைய சேலையை எடுத்து அப்படியே தூளி கட்டினால், குழந்தை நாள் முழுவதும் சுவாசிப்பது நாஃப்தலின் ஆவியைத்தான். சீனக் குடும்பங்களில் ‘ஹுவாங் லியன்’ மூலிகை மீது சந்தேகம் எழுந்தது. 1978இல் அதற்கு விதிக்கப்பட்ட தடை, பின்னர் கிடைத்த சான்றுகளின் பேரில் 2010களில் நீக்கப்பட்டது. ஆனாலும் இக்குறைபாடுள்ள பச்சைக் குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் எந்த மூலிகையும் கொடுக்காமல் இருப்பதே நல்லது. காமாலைக் குழந்தையைக் காலை வெயிலில் காட்டினால் போதும் என்பதும் தவறு. மருத்துவமனையின் நீல ஒளி சிகிச்சைக்கு அது ஈடாகாது.

இவ்வளவு தொல்லை தரும் பிழை தலைமுறை தலைமுறையாக ஏன் நிலைத்தது? மலேரியாக் கிருமிக்கு இத்தகைய சிவப்பணுக்கள் வசதியான வீடல்ல என்பதற்குச் சான்றுகள் உள்ளன. பிழை தற்செயலாகத்தான் வந்தது. மலேரியாவைத் தடுப்பதற்கென்று வரவில்லை. ஆனால் கொசு மிகுந்த நாடுகளில் அதை உடையவர்கள் சற்று அதிகமாகப் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுயின் மருந்தே இவர்களுக்கு ஆகாது. இந்த நொதிக் குறைபாடு 1956இல் தெரியவந்ததும் அந்த மருந்தை ஆராய்ந்தபோதுதான். சிங்கப்பூர் மலேரியா ஒழிந்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 1982இல் அறிவித்தது. காவலுக்கு இருந்த காரணம் போய்விட்டது, பிழை இரத்தத்தில் தங்கிவிட்டது.

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு ஒரே எக்ஸ். அது தாயிடமிருந்து வருவது. எனவே ஆண் குழந்தைகளிடமே குறைபாடு அதிகம் வெளிப்படுகிறது. “உன் வீட்டு இரத்தம்” என்று மருமகளைக் குத்திக்காட்ட இது போதும் என்று சிலர் நினைக்கலாம். அவளுக்கே அது அவளுடைய தந்தையிடமிருந்தோ தாயிடமிருந்தோ தெரியாமல் வந்திருக்கும். குறைபாடுள்ள மகன் நாளை தந்தையானால், அவனுடைய மகன்களுக்கு அவனிடமிருந்து அது போகாது. மகள்கள் எல்லாருக்கும் போகும். அவர்களில் பலர் எந்தத் தொல்லையும் இல்லாமல், அது தம்மிடம் இருப்பதை அறியாமலே வளர்வார்கள்.