வெண்டைக்காய் வறுவலும் காய் பறிக்கும் பதமும்

வீட்டுக் கொல்லையில் நான்கு வெண்டைச் செடியேனும் வைக்காத குடியானவர் நம் நாட்டில் சிலரே. ஆயினும், வெண்டைக்காயை மொறுமொறுப்பாக வறுத்து உண்ணும் வீடுகள் அத்தனை அதிகம் என்று சொல்வதற்கில்லை. பல வீடுகளில் அது கொழகொழப்பாகவோ, நாரும் சக்கையுமாகவோ இலைக்கு வருகிறது. குழந்தைகள் அதனை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்துவிடுகின்றனர். இதற்குச் சமைத்தவரைக் குறை கூறுவதே வழக்கம். உண்மையில் பாதிக் குற்றம் அடுப்பங்கரையில் நிகழ்வதன்று. காய் பறிக்கும் நாளில் தோட்டத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது.

சந்தைக்குக் காய் அனுப்பும் நிலக்காரர், இளங்காய்களைப் பொறுக்கிக் கூடையில் அடுக்கி அனுப்பிவிடுகிறார். வியாபாரி கழித்துப் போட்ட முற்றல் காய்கள் வீட்டுக் குழம்பிற்கு வருகின்றன. நீர் பாய்ச்சிப் பயிர் செய்தவர் வீட்டில் முற்றலும், விலை கொடுத்து வாங்குவோர் வீட்டில் இளங்காயும் என்பது முறையாகாது. மேலும், முற்றல் காயால் நஷ்டம் அடைவது வீட்டார் மட்டுமல்லர், பயிரும் நஷ்டமடைகிறது. அது எவ்வாறு என்பதை முதலில் கவனிப்போம்.

பறிக்கும் பதம்

விதைத்த சுமார் 45 நாட்களில் முதற் பறிப்புக் கிடைக்கும். வெண்டைப் பூ காலையில் மலர்ந்து அன்றைக்கே வாடிவிடும். பூ மலர்ந்த ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் காய் பறிக்கும் பதத்தை அடைகிறது. அதற்கு மேல் செடியில் விட்டால், காயின் தோலில் நார் ஓடி, விதை கெட்டியாகிவிடும். பதம் அறியும் வழி யாவரும் அறிந்ததே: காயின் நுனியை விரலால் வளைத்தால் 'படக்'கென்று ஒடிய வேண்டும். ஒடியாமல் வளைந்து கொடுத்தால் அது முற்றல். அதனை எவ்வளவு எண்ணெயில் வறுத்தாலும் நார் நாராகவே இருக்கும்.

ஆகவே, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய் பறிப்பது இன்றியமையாதது. முற்ற விட்ட காய்க்குள் விதைகள் வளரத் தொடங்கியதும், செடி தன் உணவைப் பெரும்பாலும் அவ்விதைகளுக்கே அளிக்கிறது. புதிய பூவும் பிஞ்சும் குறைகின்றன. இளங்காயை உடனுக்குடன் எடுத்துவிட்டால் செடி மேலும் மேலும் பூத்துக் காய்க்கும். இதில் ஐயமுள்ளவர்கள் தம் தோட்டத்திலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். அருகருகே உள்ள இரண்டு வரிசைகளில், ஒன்றில் ஒரு நாள் விட்டு ஒரு நாளும், மற்றொன்றில் ஐந்து நாட்களுக்கு ஒரு முறையும் காய் பறித்து, ஒவ்வொரு முறையும் நல்ல காய்களை மட்டும் நிறுத்து எழுதி வருக. ஒரு மாதம் கழித்து இரண்டு கணக்கையும் கூட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

வெயில் ஏறுமுன் பறிப்பது நலம். காயிலும் தண்டிலும் உள்ள நுண்ணிய சுணை கையை அரிக்குமாதலால், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு காம்புடன் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும்.

நோயும் மருந்தும்

இலை நரம்புகள் மஞ்சளாகி வலைபோல் தோன்றும் மஞ்சள் நரம்பு நோய் கண்ட செடியில், காய் வெளிறிச் சிறுத்து நார் கட்டிவிடும். அதுவும் வறுவலுக்கு உதவாது. இந்நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. நோய் கண்ட செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழித்தல் வேண்டும். பூசா சவானி என்னும் ரகம் வெளிவந்த காலத்தில் இந்நோயைத் தாங்கி நின்றது. பின்னர் அத்தன்மை குன்றிவிட்டது. பெங்களூரிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட அர்க்கா அனாமிகா முதலிய ரகங்கள் நோயைத் தாங்கும் பொருட்டே உண்டாக்கப்பட்டவை.

வெண்டை, பருத்தியின் இனத்தைச் சேர்ந்தது. ஆதலால், பருத்தியைத் தாக்கும் புள்ளிக் காய்ப்புழு வெண்டையையும் தாக்கும். புழுவுக்கு அஞ்சி இன்று மருந்தடித்து, நாளை காய் பறிப்பதைப் பல இடங்களில் காணலாம். இது பெருந்தவறு. மருந்துப் புட்டியின் மீது, தெளித்த பின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்று குறித்திருப்பார்கள். அந்த நாட்கள் கழியுமுன் பறித்த காயை விற்பதும் உண்பதும் தகாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டிய பயிருக்கு நீண்ட நாள் காத்திருக்கும் மருந்து ஒவ்வாது. புழு துளைத்த காய்களையும் வாடிய குருத்துகளையும் கிள்ளி அழித்துவிட்டு, வேப்பங்கொட்டைச் சாற்றை 5 சதவிகித அளவில் தெளிப்பதே வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்றது.

வழவழப்பின் காரணம்

விளக்கெண்ணெயில் வெண்டைக்காயைப் போட்டாற்போல என்று வழவழப்பான பேச்சைப் பழிப்பதுண்டு. இந்த வழவழப்பு காயினுள் இருக்கும் ஒருவகைப் பசையினால் உண்டாவது. அப்பசை நீரில் கரைந்து இழுபடும் இயல்புடையது. ஆகவே, வெண்டைக்காய்க்குச் சத்துரு நீரே. நறுக்கிய பின் கழுவுதல், ஈரக் காயை நறுக்குதல், வாணலியை மூடி வைத்தல், ஆரம்பத்திலேயே உப்பிடுதல் ஆகிய நான்கு தவறுகளும் நீரைச் சேர்ப்பவையே. மூடினால் நீராவி திரும்பக் காயின் மேலேயே விழுகிறது. உப்போ காயின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. காயில் நீர் நிரம்ப இருக்கும் வரையில் அது வேகுமேயன்றி வறுபடாது.

வேண்டிய சாமான்கள்

நான்கைந்து பேருக்கு: இளம் வெண்டைக்காய் 500 கிராம், கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 3 மேஜைக் கரண்டி, கடுகு அரைத் தேக்கரண்டி, உளுத்தம் பருப்பு 1 தேக்கரண்டி, மஞ்சள் தூள் கால் தேக்கரண்டி, மிளகாய்த் தூள் முக்கால் தேக்கரண்டி, அரிசி மாவு 1 தேக்கரண்டி, கறிவேப்பிலை ஓர் இணுக்கு, உப்பு முக்கால் தேக்கரண்டி.

செய்முறை

காய்களை முழுதாகவே கழுவி, துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, நிழலில் அரை மணி நேரம் பரப்பி வைக்க வேண்டும். பிறகு காம்பையும் நுனியையும் நீக்கி, அரை அங்குலத் துண்டுகளாக உலர்ந்த கத்தியால் நறுக்க வேண்டும். நறுக்கும்போது கத்தியில் பசை படிந்தால் துணியால் துடைத்துக்கொள்ளலாம், கழுவலாகாது.

அகன்ற இரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விட்டு, கடுகு வெடித்ததும் உளுத்தம் பருப்பையும் கறிவேப்பிலையையும் இட்டு, பருப்புச் சிவந்தவுடன் காயைப் போட வேண்டும். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் பரவலாக இருத்தல் அவசியம். வாணலி சிறியதாயின் இரண்டு தடவையாக வறுப்பது நலம். தீ மிதமாக எரியட்டும். மூடக் கூடாது. அடிக்கடி கிளறினால் துண்டுகள் உடைந்து பசை வெளிப்படும். இரண்டு மூன்று நிமிஷங்களுக்கு ஒரு தடவை புரட்டினால் போதும்.

சுமார் பத்து நிமிஷங்களில் நூலிழுப்பது நின்று, ஓரங்கள் சிவக்கத் தொடங்கும். அப்பொழுது மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், உப்பு ஆகியவற்றைத் தூவி, கடைசியில் அரிசி மாவையும் தூவிப் புரட்ட வேண்டும். மாவு எஞ்சிய ஈரத்தை உறிஞ்சி மொறுமொறுப்பைத் தரும். மேலும் ஐந்தாறு நிமிஷங்களில் வறுவல் பதமாகிவிடும். காய் ஏறக்குறையப் பாதியளவாகச் சுருங்கியிருக்கும். உடனே வேறு பாத்திரத்திற்கு மாற்றிவிட வேண்டும். இரும்பிலேயே விட்டால் காய் கறுத்துவிடும். புளிப்பை விரும்புவோர் பரிமாறும்போது எலுமிச்சஞ்சாறு பிழிந்துகொள்ளலாம். ரசஞ்சாதத்திற்கும் தயிர்ச்சாதத்திற்கும் இது மிகவும் ஏற்றது.

சத்து

வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று சிறுவர்களுக்குச் சொல்வது வழக்கம். கணக்கு வருகிறதோ இல்லையோ, உடம்பிற்குச் சத்து வருவது உறுதி. பச்சைக் காய் 100 கிராமில் சுமார் 90 கிராம் நீர்; எஞ்சியதில் சுமார் 3 கிராம் நார்ப்பொருள், 2 கிராம் புரதம், 80 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து ஆகியவை உள்ளன. வைட்டமின் சி-யும், கருவுற்ற பெண்களுக்கு இன்றியமையாத போலிக் அமிலமும் உண்டு. (மருத்துவர் கொடுக்கும் மாத்திரைக்கு இது ஈடாகாது.) இவ்விரண்டும் நீரில் கரைபவை, வெப்பத்தால் ஒரு பகுதி அழியும். ஆயினும், நீரில் வேகவைத்து வடித்துக் கொட்டும் முறையைவிட, நீரின்றி வறுக்கும் முறையில் கரைந்து வீணாவது இல்லை.

மிகுந்த காய்

காய் மிகுதியாகக் கிடைத்து விலை இறங்கும் நாட்களில், இளங்காயை நறுக்கி, உப்பிட்ட தயிரில் ஊறவைத்து, வெயிலில் நன்றாக உலர்த்தி வற்றலாக்கிக் கொள்ளலாம். கை தவறிச் செடியில் முற்றிய காயைச் சமையலுக்கு எடுக்காமல், நோயற்ற செடியினதாயின் விதைக்கு விட்டுவிடலாம். ஆனால் வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து விதைத்தால், அதே குணமுள்ள செடிகள் கிடைக்கமாட்டா.

நிலக்காரர்கள் தோட்டத்தில் இரண்டு வரிசையையாவது வீட்டிற்கென்றே ஒதுக்கி, அதற்கு விஷ மருந்து தெளிக்காமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் முதற் கூடையை வீட்டு அடுப்பங்கரைக்கு அனுப்புவார்களாக. கிராம அதிகாரிகளும் தத்தம் வீட்டுக் கொல்லையில் இவ்வாறு செய்து காட்டினால், ஊரார் பார்த்துப் பின்பற்றுவர். நல்ல காய் முதலில் விளைவித்தவர் வீட்டு இலையில் விழட்டும். சந்தைக்கு அனுப்பவும் செடி குறைவின்றிக் காய்க்கும்.