கட்டவும் மாட்டோம், காலி செய்யவும் மாட்டோம்

சிகாகோ என்றதும் நமக்கு மே தினம்தான் நினைவுக்கு வரும். எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர்கள் உயிர் கொடுத்த ஊர் அது. அதே ஊரில் 1968ஆம் ஆண்டின் இறுதியில் இன்னொரு போராட்டம் தொடங்கியது. தவணையில் வீடு வாங்கியிருந்த நூற்றுக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள், இனி தவணை கட்டுவதில்லை என்று கூடி முடிவெடுத்தன. வெளியேற்ற வந்தவர்களிடம் வீட்டைக் காலி செய்யவும் மறுத்தன.

கடனுக்கு வீடு வாங்கினால் பணத்தைக் கட்டத்தானே வேண்டும் என்று நம்மில் பலர் கேட்கக்கூடும். அந்தக் குடும்பங்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தன. அதனால்தான் ஒருநாள்கூடத் தவறாமல் கட்டிவந்தன. பிறகு ஏன் நிறுத்தின என்பதைத் தெரிந்துகொள்ள, அவர்கள் கையெழுத்திட்ட பத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

சிவப்பு மை பூசிய வரைபடம்

அமெரிக்காவில் 1930களின் பொருளாதார நெருக்கடியில் ஏராளமானோர் வீடு இழந்தார்கள். மக்களுக்கு வீடு கிடைக்க வழி செய்வதாகச் சொல்லி, 1934இல் அந்நாட்டு அரசு மத்திய வீட்டுவசதி நிர்வாகத்தைத் தொடங்கியது. வங்கி கொடுக்கும் வீட்டுக்கடனுக்கு அரசு உத்தரவாதம் தரும். வங்கியும் துணிந்து குறைந்த வட்டியில் கடன் கொடுக்கும். சாதாரணத் தொழிலாளிகூடச் சொந்த வீடு வாங்க முடிந்தது இதனால்தான்.

ஆனால், எந்தப் பகுதிக்கு உத்தரவாதம் தரலாம், எதற்குத் தரக்கூடாது என்று தரம் பிரித்தார்கள். அந்தக் காலத்தில் அரசு அமைப்புகள் தயாரித்த நகர வரைபடங்களில் உயர்ந்த தரத்துக்குப் பச்சை நிறம், கடைசித் தரத்துக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களுக்குச் சிவப்பு பூசினார்கள். அங்கே இருப்பவரின் சம்பளம் என்ன, நாணயம் எப்படி என்று யாரும் பார்க்கவில்லை. குடியிருப்பவரின் பிறப்பைப் பார்த்தே தெருவின் தரம் முடிவானது. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்த நிலத்தில் வாழும் நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வங்கிக் கதவு அடைபட்டதும் இடைத்தரகர்கள் வந்தார்கள். வெள்ளையர் தெருக்களுக்குப் போய், "கறுப்பர்கள் இங்கே குடிவரப்போகிறார்கள், வீட்டு விலை விழுந்துவிடும்" என்று பயமுறுத்தி, அடிமாட்டு விலைக்கு வீடுகளை வாங்கினார்கள். அதே வீடுகளைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு இரண்டு மடங்கு விலைக்கு விற்றார்கள். சிகாகோவின் மேற்குப் பகுதியான நார்த் லான்டேலில் 1950இல் 87 சதவீதம் பேர் வெள்ளையர்கள். 1960இல் 91 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். பத்தே ஆண்டுகளில் ஒரு பகுதியே கைமாறியது. அந்தக் கைமாற்றலில் லாபம் முழுவதும் நடுவில் நின்றவர்களுக்குப் போனது.

பணம் கட்டுபவர் ஒருவர், உரிமையாளர் இன்னொருவர்

அந்த விற்பனை நடந்த விதத்தை நம் மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். வாங்குபவர் முன்பணம் கொடுப்பார். பிறகு மாதாமாதம் தவணை கட்டுவார். கூரை ஒழுகினாலும் கொதிகலன் உடைந்தாலும் பழுது பார்க்கும் செலவு அவருடையது. வரியும் காப்பீடும் அவர் தலையில்தான். ஆனால் கடைசித் தவணை கட்டி முடிக்கும்வரை கிரயப் பத்திரம் விற்றவர் கையிலேயே இருக்கும். ஒரே ஒரு தவணை தவறினால்கூட ஒப்பந்தம் முறிந்ததாகச் சொல்லி வீட்டை எடுத்துக்கொள்ளலாம். முன்பணமும் அதுவரை கட்டிய தவணைகளும் போய்விடும். விற்றவர் அந்த வீட்டையே அடுத்த குடும்பத்துக்கு மறுபடி விற்பார்.

முறையான வீட்டுக்கடன் வாங்கியவருக்கு, கட்டிய அளவுக்கு வீட்டில் பங்கு சேரும். இங்கே கடைசி நாள்வரை ஒரு செங்கல்கூட வாங்கியவருக்குச் சொந்தமில்லை. வீட்டுக்காரருக்குரிய பொறுப்பு எல்லாம் இருந்தது, உரிமை இல்லை. குடக்கூலிக்காரருக்கு இருக்கும் பாதுகாப்பும் இல்லை.

கிளைடு ராஸ் என்பவரின் கதை ஒன்றே போதும். மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேலில் 1923இல் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது, வரி பாக்கி 3,000 டாலர் என்று சொல்லி அவரது அப்பாவின் 40 ஏக்கர் நிலத்தை அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். எதிர்த்து வழக்காடவும் வழியில்லை. நிலம் வைத்திருந்த குடும்பம் குத்தகைக் குடும்பமானது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய ராஸ், 1947இல் சிகாகோவுக்கு வந்து ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1961இல் நார்த் லான்டேலில் வீடு வாங்கினார். விலை 27,500 டாலர். விற்றவர் ஆறே மாதங்களுக்கு முன் அதை 12,000 டாலருக்கு வாங்கியிருந்தார் என்பது ராஸுக்குத் தெரியாது. தவணை கட்டுவதற்காக அவர் இரண்டாவது வேலைக்கும் மூன்றாவது வேலைக்கும் போனார். பிள்ளைகளோடு இருக்க நேரமில்லை. ஊரில் அப்பாவின் நிலம் காகிதத்தால் போனது. நகரத்தில் மகனின் உழைப்பும் காகிதத்தால் போய்க்கொண்டிருந்தது.

வெட்கம் உடைந்த புதன்கிழமைகள்

இத்தனை குடும்பங்கள் ஏமாற்றப்பட்டும் ஏன் யாரும் வாய் திறக்கவில்லை? வெட்கம்தான் காரணம். ஏமாந்தது தான் மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்கவே கூச்சம். விற்றவர்களின் வியாபாரம் இந்தக் கூச்சத்தில்தான் நடந்தது.

தனியாக எதிர்த்தவர்களும் இருந்தார்கள். மார்க் சாட்டர் என்ற யூத வழக்கறிஞர் 1950களின் இறுதியில் இக்குடும்பங்களுக்காக வழக்காடினார், பத்திரிகைகளில் எழுதினார். நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்டன: தவணை கட்டினாரா, இல்லையா? சாட்டர் 1965இல் இறந்தார். அடுத்த ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் நார்த் லான்டேலிலேயே ஒரு வீட்டில் குடியேறி, வீட்டுவசதியில் இனப்பாகுபாட்டை எதிர்த்துப் போராடினார். அப்போதும் இந்த ஒப்பந்தங்கள் அசையவில்லை.

1967இல் ஜாக் மக்னமாரா என்ற இயேசு சபைக் குருமாணவர் அப்பகுதியில் வந்து தங்கினார். அவரோடு கல்லூரி மாணவர்களும் சேர்ந்தார்கள். அவர்கள் செய்தது எளிய வேலை. வீடு வீடாகப் போய் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். பிறகு சொத்துப் பதிவேடுகளைத் தேடி, அதே வீட்டை விற்றவர் என்ன விலைக்கு வாங்கினார் என்று பார்த்தார்கள். நம் ஊரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுப்பது போன்ற வேலை அது. இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது, ஒரு வீட்டுக்காரரின் ஏமாளித்தனம் என்று நினைத்தது தெருத்தெருவாக நடந்த கொள்ளை என்று தெரிந்தது.

ரூத் வெல்ஸ் என்ற பெண்மணி தனக்கு வீடு விற்றவரிடம் முதலில் நேராகப் போய்க் கணக்குக் கேட்டார். பிறகு அந்தப் பகுதியின் தேவாலயத்தில் புதன்கிழமை மாலைகளில் கூட்டம் நடந்தது. ஒருவர் எழுந்து தான் வாங்கிய விலையைச் சொன்னதும் அடுத்தவர் எழுந்தார். 1968இல் 'ஒப்பந்தத்தில் வீடு வாங்கியோர் சங்கம்' பிறந்தது. கிளைடு ராஸ் அதன் முன்னணியாளர்களில் ஒருவர். நகரின் தெற்குப் பகுதியில் இதே வகையில் புது வீடு வாங்கியவர்களும் சேர்ந்தார்கள். உறுப்பினர் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது.

சங்கத்தின் கோரிக்கை வீட்டை இலவசமாகக் கொடு என்பதல்ல. வீட்டின் நியாயமான மதிப்பைக் கணக்கிட்டு ஒப்பந்தத்தைத் திருத்தி எழுது என்றுதான் கேட்டார்கள். வியாபாரிகளின் அலுவலகங்கள் முன்பும் அவர்களுக்குப் பணம் கொடுத்த நிறுவனங்கள் முன்பும் மறியல் செய்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பெரும்பாலோர் வராததால் தவணையை நிறுத்தினார்கள். அந்தப் பணத்தைச் செலவழிக்கவும் இல்லை. தனிக் கணக்கில் சேர்த்துவைத்தார்கள். கட்ட வக்கில்லாமல் நிறுத்தவில்லை என்று காட்ட அதுவே சான்றாக நின்றது.

தூக்கி எறிந்த கட்டிலை மறுபடி உள்ளே வைத்தார்கள்

ஒரு தவணை தவறினாலே வீடு போகும் என்ற ஒப்பந்தத்தின் கீழ்தான் இவர்கள் பல மாதங்கள் கட்டாமல் இருந்தார்கள். விற்றவர்கள் நீதிமன்றம் போனார்கள். வெளியேற்ற உத்தரவுகள் வந்தன. 1970இன் தொடக்கத்தில் ஷெரீப்பின் ஆட்கள் பெரும் படையாக வந்து குடும்பங்களை வெளியேற்றி, கட்டில், மேசை, துணிமணிகளை எல்லாம் சிகாகோவின் பனிக்காலத் தெருவில் போட்டார்கள்.

படை போன பிறகு அக்கம்பக்கத்தார் கூடினார்கள். வெளியே கிடந்த சாமான்களை மறுபடி வீட்டுக்குள் தூக்கிவைத்தார்கள். வெளியேற்றியவர்கள் திரும்பி வந்தார்கள். சில வீடுகளில் காவலுக்கு ஆள் போட்டார்கள். சில குடும்பங்கள் வீட்டைத் திரும்பப் பெறவே இல்லை. இந்தப் போராட்டத்தின் விலையை அவர்கள்தான் கொடுத்தார்கள்.

அதற்குப் பலனும் இருந்தது. 1970இல் இல்லினாய்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்றைச் சொன்னது. வெளியேற்ற வழக்கில் தவணை கட்டினாரா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாங்கியவர் வாதிட உரிமை உண்டு என்றது. சாட்டர் காலத்தில் அடைபட்டிருந்த வாய் அன்று திறந்தது. பல குடும்பங்களின் ஒப்பந்தங்கள் விலை குறைத்துத் திருத்தப்பட்டன. கிளைடு ராஸ் உள்ளிட்ட சிலர் ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டு முறையான வீட்டுக்கடனுக்கு மாறினார்கள்.

இனப்பாகுபாட்டுக்கு இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கில் தோல்விதான் கிடைத்தது. மேற்குப் பகுதியினரின் வழக்கில் 1976இல் ஜூரி அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தெற்குப் பகுதியினரின் வழக்கும் பின்னர் தோற்றது. ஆனால் உண்மையை ஜூரியால் மறைக்க முடியவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, 1950, 60களில் இந்த ஒப்பந்தங்கள் சிகாகோவின் கறுப்பினக் குடும்பங்களிடமிருந்து பறித்த செல்வம் 300 கோடி முதல் 400 கோடி டாலர். பிள்ளைகளின் படிப்புக்கும் பேரப்பிள்ளைகளின் தொழிலுக்கும் போயிருக்க வேண்டிய பணம் அது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐ.நா. சபைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் படியைக் கேட்டார். அவர்கள் என்ன காகிதத்தை எப்படி எழுதினார்கள் என்று பார்க்க விரும்பினார். நாமும் அந்த வழியில் சிகாகோவின் காகிதங்களைப் பார்க்கலாம்.

நம் மாவட்டங்களிலும் மாதத் தவணையில் மனை வாங்குகிறோம். பணம் முழுவதும் கட்டிய பிறகுதான் பத்திரப்பதிவு என்கிறார்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் மட்டும் நம்மை உரிமையாளர் ஆக்காது. பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று எடுத்து, மனை யார் பெயரில் இருக்கிறது, அடமானத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வங்கிக் கடன் வேறு. 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி, வங்கி 60 நாள் அறிவிப்புக் கொடுக்காமல் வீட்டைக் கையகப்படுத்த முடியாது. அதற்கு நாம் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வந்த அறிவிப்பைப் பயந்து பெட்டியில் போட்டு மூடினால் இந்த உரிமைகள் வீணாகிவிடும். தவணையை ஒருவர் தனியாக நிறுத்துவதும் ஆபத்து. சிகாகோவில் நிறுத்தியவர்கள் 500 பேர் சங்கமாக, வழக்கறிஞர்களோடு, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தினார்கள்.

கல்லூரி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, தெருவில் தவணையில் மனை வாங்கிய குடும்பங்களின் ரசீதுகளையும் ஒப்பந்தங்களையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்குப் பத்திரம் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சிகாகோவிலும் மாணவர்கள் அங்கிருந்துதான் தொடங்கினார்கள்.