சுப்ராவில் இருப்பது ஒரிஜினல் 6-ஸ்பீடா, மாத்தினதா? காட்டிக்கொடுக்கும் சின்ன தகடு

2001-ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்தில் பால் வாக்கர் ஓட்டிய ஆரஞ்சு நிற டொயோட்டா சுப்ரா ஞாபகம் இருக்கா? 2021-ல் அமெரிக்காவில் அந்தக் கார் 5,50,000 டாலருக்கு ஏலம் போனது. சினிமா புகழ் இல்லாத சாதாரண சுப்ராக்களும் இப்போது மலிவாகக் கிடைப்பதில்லை. அந்த விலையை ஏற்றி இறக்குவதில் கியர்பாக்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

1993-ல் வந்த இந்த நான்காம் தலைமுறை சுப்ராவின் குறியீடு ஏ80. ஜப்பானில் 2002 வரை தயாரானது. டர்போ இல்லாத மாடலுக்கு டபிள்யூ58 என்ற 5-ஸ்பீடு மேனுவல். இரட்டை டர்போ மாடலுக்கு, ஜெர்மனியின் கெட்ராக் நிறுவனத்தின் வி160 என்ற 6-ஸ்பீடு மேனுவல். மேனுவல் வேண்டாம் என்பவர்களுக்கு 4-ஸ்பீடு ஆட்டோமேட்டிக். எல்லோரும் தேடுவது வி160-ஐத்தான். டர்போ இன்ஜினின் இழுவிசையை எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும் என்ற பெயர் அதற்கு.

சிக்கலும் இங்கேதான். டர்போ ஆட்டோமேட்டிக் காரை வாங்கி, பிறகு 6-ஸ்பீடு பொருத்திக்கொண்டவர்கள் நிறைய பேர். கியர் லிவரைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. விற்கும்போது சிலர் 'ஃபேக்டரி மேனுவல்' என்று சொல்லிவிடுகிறார்கள்.

லிவரை விட்டுவிட்டு தகட்டைப் பார்க்க வேண்டும். ஜப்பான் சுப்ராவில் இன்ஜின் அறையின் பின்சுவரில் இருக்கும் தகட்டில் மாடல் குறியீடு இருக்கும். உதாரணம்: ஜேஇசட்ஏ80-ஏஎல்எஃப்க்யூஇசட். கோட்டுக்குப் பிறகு வரும் மூன்றாவது எழுத்துதான் முக்கியம். 'எஃப்' என்றால் 6-ஸ்பீடு மேனுவல், 'எம்' என்றால் 5-ஸ்பீடு, 'பி' என்றால் ஆட்டோமேட்டிக். அதே தகட்டில் டிரான்ஸ்மிஷன் வரியில் கியர்பாக்ஸின் பெயரும் இருக்கும். அமெரிக்க கார்களில் இதை டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில், 'ஏ/டிஎம்' என்ற இடத்தில் தேடலாம். 'வி160' என்று இருந்தால் நிம்மதி. 'ஏ340ஈ' என்று இருந்தால் அது ஆட்டோமேட்டிக்காகப் பிறந்த கார்.

தகட்டையே மாற்றியிருந்தால்? தகட்டில் உள்ள ஃப்ரேம் நம்பரும், பாடியில் குத்தியிருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். அந்த நம்பரை டொயோட்டாவின் உதிரிபாக கேட்டலாக்கில் போட்டால் முழு மாடல் குறியீடும் வந்துவிடும். ஜப்பான் ஏலத் தாளில் 'எஃப்6' என்று இருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஏலம் நடந்த அன்று காரில் என்ன இருந்தது என்பதைத்தான் அது சொல்கிறது, ஃபேக்டரியில் என்ன பொருத்தினார்கள் என்பதை அல்ல.

ஆண்டும் ஒரு துப்பு. புகைக் கட்டுப்பாட்டுக்கான புதிய ஓபிடி-2 விதிகள் வந்ததால், அமெரிக்காவில் 1996 மாடல் டர்போ சுப்ரா ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே கிடைத்தது. 6-ஸ்பீடு 1997 மாடலில்தான் திரும்பியது. ஆக, '1996 அமெரிக்க டர்போ, ஒரிஜினல் 6-ஸ்பீடு' என்று யாராவது விளம்பரம் போட்டால் உடனே உஷாராகிவிட வேண்டும்!

நல்ல மெக்கானிக் ஒழுங்காக மாற்றிய கார் ஓட்ட அருமையாகவே இருக்கும். ஆனால் அதற்கு ஃபேக்டரி மேனுவல் விலையைக் கொடுக்க அவசியமில்லை. அப்படிப்பட்ட காரில் ஆட்டோமேட்டிக்கின் இசியு இன்னும் மாற்றப்படாமல் இருக்கிறதா, மாற்றிய வேலைக்கு பில் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசலாம்.