நிலாவும் சூரியனும் நிமிர்த்தப் பார்க்கும் பூமி

பொங்கல் நெருங்கினால் ஆசிரியர் குழுவுக்கு வரும் கடிதங்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் இருக்கும். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21-ல் என்றால், காலண்டர் ஏன் தை 1-ஐ உத்தராயணத் தொடக்கம் என்கிறது? அசையாதது என்று படித்த துருவ நட்சத்திரம் மாறும் என்கிறார்களே, எப்படி? இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பூமியின் அச்சு ஏறத்தாழ 25,800 ஆண்டுக்கு ஒரு முறை வானில் வட்டமிட்டு வருகிறது. தை பிறப்பதற்குள் இதைத் தெளிவாக்கிவிடலாம்.

'பம்பரம் போலத் தலையாட்டுகிறது' என்று பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அது பாதி உண்மை. விட்டுப்போன பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

சுழற்சியால் பூமி நடுவில் புடைத்திருக்கிறது. நிலநடுக்கோட்டு விட்டம், துருவத்துக்குத் துருவம் உள்ள விட்டத்தைவிட சுமார் 43 கி.மீ. அதிகம். இந்தப் புடைப்பு, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு 23.4 பாகை சாய்வாக இருக்கிறது. நிலாவும் சூரியனும் புடைப்பின் அருகிலுள்ள பக்கத்தைச் சற்றுக் கூடுதலாகவும், அப்பால் உள்ள பக்கத்தைச் சற்றுக் குறைவாகவும் இழுக்கின்றன. இந்த வித்தியாசம், சாய்ந்த பூமியை நிமிர்த்தப் பார்க்கிறது. சுழலாத பூமியாக இருந்தால் நிமிரத் தொடங்கியிருக்கும். சுழலும் பொருளின் அச்சோ தள்ளும் திசையில் போகாமல், அதற்குச் செங்குத்தாக விலகும். அதனால் சாய்வின் அளவு அப்படியே இருக்க, சாய்ந்திருக்கும் திசை மட்டும் மெல்லத் திரும்புகிறது.

பம்பரத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். புவியீர்ப்பு அதைக் கீழே சாய்க்கப் பார்க்கிறது. அது சுழலும் திசையிலேயே அதன் தலையும் வட்டமிடுகிறது. பூமியை இழுவிசை நிமிர்த்தப் பார்ப்பதால், அதன் அச்சு சுழற்சிக்கு எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்புகிறது. ஒப்புமையோடு நின்றுவிடும் பாடநூல், இந்த அழகான காரணத்தை மாணவர்களிடமிருந்து பறித்துவிடுகிறது. 1687-லேயே நியூட்டன் இதற்கு விளக்கம் தந்துவிட்டார். இழுவையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலாவுடையது. நிறை குறைவுதான், ஆனால் அது அருகில் இருக்கிறது.

திருப்பத்தின் வேகம், 72 ஆண்டுக்குச் சுமார் 1 பாகை. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கரான ஹிப்பார்க்கஸ், சித்திரை விண்மீனின் இடத்தைச் சுமார் 150 ஆண்டுக்கு முன் டிமோகாரிஸ் எடுத்த அளவோடு ஒப்பிட்டு, அது ஏறத்தாழ 2 பாகை நகர்ந்திருப்பதைக் கண்டார். தொலைநோக்கி இல்லாத காலம் அது.

முன்பு எது துருவ விண்மீன்? கி.மு. 2800 வாக்கில் தூபான்.

இப்போதுள்ளது அசையாததா? இல்லை. துருவத்திலிருந்து அரைப் பாகைக்கும் சற்று அதிகம் விலகி, தினமும் சிறு வட்டமிடுகிறது. 2100 வாக்கில் மிக நெருங்கி, பிறகு விலகத் தொடங்கும்.

அடுத்தது? சுமார் 2,000 ஆண்டு கழித்து எர்ராய். 12,000 ஆண்டு கழித்து, சற்றுத் தள்ளியே என்றாலும், அபிஜித் எனப்படும் வேகா.

அச்சு சாயும் திசை மாறுவதால் ஜூன் மாதம் ஐரோப்பாவில் குளிர்காலம் ஆகிவிடுமா? ஆகாது. ஆங்கில நாட்காட்டி பருவங்களைப் பின்பற்றியே நாளைக் கணக்கிடுகிறது.

உத்தராயணம் எப்போது? பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுகிறது. அந்த ஆண்டு, பருவ ஆண்டைவிட 20 நிமிடம் நீளம். அதனால் தை 1, 70 ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். கி.பி. 3-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒன்றாக இருந்த, சூரியன் திரும்பும் நாளுக்கும் தை 1-க்கும் இன்று சுமார் 24 நாள் இடைவெளி. மேக்நாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-லேயே இதை எடுத்துச் சொன்னது. 1957 மார்ச் 22-ல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டியும் பருவத்தையே பின்பற்றுகிறது. பொங்கலைத் தை 1-லேயே கொண்டாடுவோம், அது மரபு. 'சூரியன் இன்று வடக்கே திரும்புகிறது' என்பது வானியல் செய்தி. அதைக் காலண்டர் அச்சிடுவோர் டிசம்பர் தாளுக்கு மாற்ற வேண்டும்.